சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு: படம், டிக்கெட் இருந்தால் கொடுத்து உதவுங்கள்

வணக்கம். மவுண்ட் ரோடில் ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் இருந்த சஃபையர் வளாகம் பற்றிய பழைய படங்களைத் தேடுகிறேன். 1964இல் திறந்தது, ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர். மல்டிபிளெக்ஸ் என்ற பேச்சே இல்லாத காலம் அது! இடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

வெளித்தோற்றப் படம் ஒன்றிரண்டு கிடைக்கிறது. உள்ளே எடுத்ததுதான் சிக்கவே மாட்டேன் என்கிறது. முக்கியமாக புளூ டைமண்ட். அங்கே தொடர் காட்சி. எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், பாதியில் போய் உட்கார்ந்தால் அடுத்த ஆட்டத்தில் முதல் பாதியைப் பார்த்துக்கொள்ளலாம். வெயிலுக்கு ஏசியில் தூங்கப் போனவர்கள்தான் அதிகம் என்பார் எங்கள் மாமா. அவருடைய பழைய டைரியில் பாதி கிழித்த டிக்கெட் ஒன்று கிடைத்தது. வெளிறிய ரோஸ் தாள், முத்திரை மை பரவி தியேட்டர் பெயரே தெரியவில்லை. மூன்றில் எதனுடையது என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

1913இல் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம்கூட அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. இதற்கு ஒரு செங்கல்கூட மிஞ்சவில்லை என்பதுதான் எரிச்சல்.

அங்கே ஆபரேட்டராகவோ டிக்கெட் கவுன்ட்டரிலோ வேலை பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவசியம் சொல்லுங்கள், நேரில் வந்து பேசுகிறேன். டிக்கெட், படம் எதுவானாலும் மொபைலில் எடுத்து அனுப்பினால் போதும். அசல் உங்களிடமே இருக்கட்டும். அப்புறம், எந்த வருஷம் எடுத்தது என்று தோராயமாகவாவது எழுதிவிடுங்கள்.