பள்ளியிலிருந்து வரும் போன்: வேலையை விட்டுடலாமா?

ஜிப்பையன் அம்மா:
ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவ நான். இன்னிக்கு எழுதாம இருக்க முடியல.

பையனுக்கு ஏழு வயசு, ஆட்டிசம். பேச்சு இன்னும் வரல. படத்தைத் தொட்டா அந்தச் சொல்லைச் சொல்ற ஆப் டேப்லெட்ல இருக்கு. நாற்பது சொல் வரைக்கும் தானாவே தட்டுவான். நான் கணக்குப் பிரிவுல இருக்கேன். மாசக் கடைசி நாலு நாள், அடுத்த மாசம் முதல் மூணு நாள் தலை நிமிர முடியாது.

வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை பள்ளியிலிருந்து போன். "காதைப் பொத்திக்கிட்டு மேசைக்கு அடியில போயிட்டான், வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" போன மாசம் கணக்கு முடிக்கிற அன்னிக்கே வந்துச்சு. எல்லாத்தையும் போட்டுட்டு ஓடினேன். போய்ப் பார்த்தா பை ஜிப்பை இழுத்து இழுத்து ஜாலியா விளையாடிட்டு இருக்கான். திரும்ப ஆபீஸ் போகக் கூச்சம். வாசல்லயே உக்காந்துட்டோம், அவன் ஜிப்போட, நான் மெயிலோட.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அழுது தீர்ப்பான். ஆறரைக்கு நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். அத்தைதான் சமாளிக்கறாங்க, அவங்களுக்கும் முட்டி வலி.

ராஜினாமா மெயில் டிராஃப்ட்ல கிடக்கு. வேலையை விட்டவங்களும் விடாதவங்களும் சொல்லுங்க. "குழந்தைதான் முக்கியம்"னு மட்டும் எழுதாதீங்க ப்ளீஸ், அதைச் சொல்ல வீட்லயே ஆள் இருக்கு.

மழைக்காத்து:
நான் விட்டவ. நாலு வருஷம் ஆச்சு. என் பொண்ணுக்கு செரிப்ரல் பால்சி, மூளை பாதிப்பால உடம்பு அசைவு சிரமமாகிற நிலை.

முதல் ஆறு மாசம் நிம்மதியா இருந்துச்சு, பொய் சொல்லல. அப்புறம் விட்ட சம்பளத்துக்குக் கணக்குக் காட்டணும்னு ஒரு வெறி வந்துச்சு. பல் தேய்க்கறது பயிற்சி, சட்டை மாட்டறது பயிற்சி, எடுத்ததுக்கெல்லாம் "இன்னொரு தடவை". ஒரு நாள் என்னைப் பார்த்ததுமே கையைப் பின்னால மறைச்சுக்கிட்டா. பிசியோதெரபிஸ்ட்தான் திட்டினாங்க: கார்ட்டூன் பார்க்கும்போது ஸ்டாண்டிங் ஃப்ரேம்ல (விழாம தாங்கி நிக்க வைக்கிற சட்டம்) நிக்கட்டும், அதுவே பயிற்சிதான், நீங்க பக்கத்துல சும்மா உக்காருங்கன்னு.

விட்டது தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா சம்பளமில்லா லீவு, அரை நாள் வேலை எதையுமே கேட்காம விட்டேன் பாருங்க, அதுதான் இன்னும் உறுத்துது. மறுப்பாங்கன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

ரெண்டாவது நம்பர்:
அப்பா ஒருத்தன் எழுதறேன். பள்ளிப் படிவத்துல முதல் நம்பர் யாரோடது?

எங்க வீட்ல மனைவியோடது. போன வருஷம் என்னோடதா மாத்தினோம். அப்புறமும் ஒரு மாசம் அவளுக்கேதான் அடிச்சாங்க. "அப்பாவைக் கூப்பிடுங்க"ன்னு அவ ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருந்துச்சு.

நான் மனிதவளப் பிரிவுல இருக்கறவன். குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1981ல ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது, எண் 156. அதுல "தாய்மார்கள்"னு இல்ல, ஆண், பெண் தொழிலாளர்கள்னுதான் இருக்கு. எல்லா நாடும் ஏத்துக்கல, அது வேற கதை.

மேலாளர்கிட்ட "கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க"ன்னு போகாதீங்க. அனுசரிப்புக்கு அளவு கிடையாது, அதனால பயப்படுவாங்க. ஏழரையிலிருந்து மூணரை, கணக்கு முடிக்கிற ஏழு நாள் மட்டும் வழக்கமான நேரம், மூணு மாசம் பார்க்கலாம். இப்படி நாலு வரியில எழுதிக் கொடுங்க.

சிறப்பாசிரியை:
எனக்கு ஒரு சந்தேகம். அந்த டேப்லெட் வகுப்புல அவன் கையில இருக்கா, பையில இருக்கா?

சத்தம் தாங்கலன்னு சொல்ல வழியில்லாத பிள்ளை மேசைக்கு அடியிலதான் போகும். போனா அம்மா வர்றாங்க, வீட்டுக்குப் போயிடலாம். அடம் இல்லைங்க, அவனுக்குத் தெரிஞ்ச ஒரே கதவு அது. "பிரேக்"னு ஒரு படம் சேர்த்து, தட்டின உடனே அஞ்சு நிமிஷம் அமைதியான இடத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்க. ஆரம்பத்துல சும்மா சும்மா தட்டுவான். தட்டட்டும். தட்டினா நடக்கும்னு அவனுக்கு நம்பிக்கை வரணும். ஒவ்வொரு தடவையும் என்ன நேரம், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு குறிச்சு வைக்கவும் சொல்லுங்க.

சாயங்கால அழுகை நாள் முழுக்க அடக்கி வெச்சது. வந்ததும் அரை மணி நேரம் கேள்வி வேண்டாம், டிவி வேண்டாம், வெளிச்சத்தையும் குறைங்க. இதை அத்தையும் செய்யலாம், முட்டி வலியோடயே.

ஜிப்பையன் அம்மா:
ஒரு வாரம் கழிச்சு வர்றேன்.

டேப்லெட் பையிலதான் இருக்காம். கீழே போட்டு உடைச்சிடுவான்னு மிஸ் எடுத்து வெச்சிடுவாங்களாம். ஒரு வருஷமா! தடிமன் ரப்பர் உறை வாங்கிக் கொடுத்திருக்கேன்.

படிவத்துல முதல் நம்பர் என்னோடது. ரெண்டாவது என் ஆபீஸ் நம்பர். என் வீட்டுக்காரர் அதையே ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தார், அப்புறம் பேனா கேட்டார்.

நாலு வரியைக் கொடுத்திருக்கேன், மேலாளர் பதில் இன்னும் வரல. டிராஃப்ட்டையும் அழிக்கல.

நேத்து மதியம் போன் வந்துச்சு, அவருக்கு. அடுத்த நிமிஷமே எனக்கு அடிச்சு "இப்ப நான் என்ன பண்ணணும்?"ங்கறார்.