எட்டு ஆட்டம் இருக்கையில் பழைய மனேஜரைத் தூக்கினால்: பார்த்தவர்கள் பகிர்வது (எழுதியவரின் ஊர் மேலே)

வெள்ளவத்தை

2022 சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், பெரிய வெள்ளியன்று, இங்கிலாந்துக் கால்பந்துக் கழகமான பேர்ன்லி தன் மனேஜர் ஷோன் டைச்சை நீக்கியது. 2012 ஒக்டோபரில் பொறுப்பேற்றவர். அன்றைக்குப் பிரீமியர் லீக் மனேஜர்களில் ஒரே கழகத்தில் அதிக காலம் நின்றவர் அவர்தான். 30 ஆட்டத்தில் 24 புள்ளி, 18ஆம் இடம் (இருபதில் கடைசி மூன்று அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும்), தப்பும் இடத்துக்கு 4 புள்ளி தூரம், மீதி 8 ஆட்டம். கடைசி அடி, அட்டவணையின் அடியில் கிடந்த நோர்விச்சிடம் 2-0 தோல்வி.

அதன்பிறகு நடந்ததை ஆட்டம் ஆட்டமாக எடுத்தால்தான் விளங்கும். 23 வயதுக்குட்பட்டோர் அணியைப் பார்த்துவந்த மைக் ஜாக்சன் இடைக்காலமாக வந்தார். ஏப்ரல் 17 வெஸ்ட் ஹாமுடன் 1-1. 21 சவுத்ஹாம்டனை 2-0. 24 வுல்வ்ஸை 1-0. 30 வாட்ஃபோர்ட்டை 2-1. அதில் 83ஆவது நிமிடம் வரை பேர்ன்லி பின்னால் நின்றது. ஜக் கோர்க் சமன் செய்தார், மூன்று நிமிடத்தில் ஜொஷ் பிரௌன்ஹில் வெற்றிக் கோலைப் போட்டார். நாலு ஆட்டத்தில் 10 புள்ளி. எல்லோரும் தப்பியாகிவிட்டது என்றே பேசினார்கள்.

அடுத்த நாலு: அஸ்டன் வில்லாவிடம் 1-3, டொட்டன்ஹாமிடம் 0-1, மறுபடி வில்லாவுடன் 1-1, கடைசி நாள் நியூகாஸிலிடம் 1-2. நாலில் ஒரு புள்ளி. மொத்தம் 35, இறங்கியது. லீட்ஸ் 38 எடுத்துத் தப்பியது.

புது மனேஜர் வந்ததும் எழும் வேகம் எத்தனை ஆட்டம் தாங்கும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் நான் பார்க்கவில்லை. உங்கள் கண்ணில் பட்ட நீக்கங்களைப் போடுங்கள். எது பலித்தது, எது பலிக்கவில்லை, எந்த ஆட்டத்தில் பிடி நழுவியது என்று விவரமாக எழுதினால் நல்லது. “கழகத்துக்கு நன்றி இல்லை” என்ற வகைப் பேச்சு ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

கொட்டாஞ்சேனை

அண்ணை, கணக்கு சரி. ஆனால் நீக்கியது பிழை என்று நான் சொல்லமாட்டேன். நேரம்தான் பிழை.

டைச்சின் அந்தப் பருவக் கணக்கு ஆட்டத்துக்கு 0.8 புள்ளி. அதே வேகத்தில் மீதி எட்டையும் ஆடியிருந்தால் 6, 7 புள்ளி வந்து 31க்குள் முடிந்திருக்கும். ஜாக்சன் எடுத்தது 11. வித்தியாசம் நாலைந்து புள்ளி. அது சிறிய விஷயம் இல்லை, ஆனால் அது வந்து சேர்ந்தபோது செலவழிக்க ஆட்டம் மிச்சம் இல்லை.

அதே பருவத்தில் லீட்ஸ் செய்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்செலோ பியெல்சா 2018இல் வந்தவர், 16 வருடத்துக்குப் பிறகு அந்தக் கழகத்தை மேல் பிரிவுக்குக் கொண்டுவந்தவர். 2022 பெப்ரவரியில் மட்டும் லீட்ஸ் வாங்கிய கோல் 20. 27ஆம் திகதி நீக்கினார்கள். அப்போது 26 ஆட்டத்தில் 23 புள்ளி, மீதி 12. பதிலுக்கு வந்த ஜெசி மார்ஷ் முதல் இரண்டையும் தோற்றார்: லெஸ்டரிடம் 1-0, வில்லாவிடம் 3-0. பேர்ன்லி மாதிரி எட்டுத்தான் மிச்சம் என்றிருந்தால் அந்த இரண்டோடு கதை முடிந்திருக்கும். பன்னிரண்டு இருந்ததால் மூன்றாவது ஆட்டத்தில், நோர்விச்சுக்கு எதிராக கடைசி மேலதிக நிமிடங்களில் லீட்ஸ் போட்ட வெற்றிக் கோலில் இருந்து தொடங்க முடிந்தது. மொத்தம் 12இல் 15 புள்ளி எடுத்தார். கடைசி நாள் பிரென்ட்ஃபோர்டில், இலங்கையில் இரவு பத்தரை மணியளவில், 2-1 வென்று தப்பினார்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையான பருவங்களைப் பாஸ் தெர் வீல் என்ற பொருளியலாளர் அலசினார். மனேஜரை மாற்றிய கழகங்களையும், அதே அளவு சரிந்தும் மாற்றாத கழகங்களையும் ஒப்பிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் மீண்டிருக்கின்றன. சரிவின் அடிமட்டத்தில்தான் எவரும் மனேஜரைத் தூக்குவார்கள், அங்கிருந்து பார்த்தால் கொஞ்சமாவது ஏற்றம் வரத்தான் செய்யும். ஆகவே அந்த நாலைந்து புள்ளி முழுவதையும் நீக்கத்தின் கணக்கில் எழுதக்கூடாது.

தெஹிவளை

பத்து வருடத்துக்குக் கிட்ட இருந்தவரைத் தூக்கும்போது ஒரு ஆள் மட்டும் போவதில்லை. டைச்சோடு துணை மனேஜர் இயன் வோன், பயிற்றுவிப்பாளர் ஸ்டீவ் ஸ்டோன், கோல் காப்பாளர் பயிற்றுவிப்பாளர் பில்லி மேர்சர் மூவரும் அன்றைக்கே போனார்கள். ஜாக்சனோடு நின்றவர்கள் அக்கடமிப் பணிப்பாளர் போல் ஜென்கின்ஸ், இளையோர் அணியின் கோல் காப்பாளர் பயிற்றுவிப்பாளர் கொனர் கிங், காயத்தால் விளையாட முடியாதிருந்த தலைவர் பென் மீ. முதல் அணியோடு தினமும் நின்றவர் அந்தக் குழுவில் பென் மீ ஒருவர்தான். அவரை உள்ளே இழுத்தது அந்தக் கழகம் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று. யாருக்கு எந்தக் காலில் வலி, யார் பெனால்டிக்கு முன்வருவான், யாரை எல்லார் முன்னாலும் கண்டிக்கக்கூடாது என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இருக்காது.

வெள்ளி நீக்கம், ஞாயிறு ஆட்டம். இடையில் ஒரு சனிக்கிழமை. எட்டு நாளில் மூன்று ஆட்டம். இப்படி ஒரு அட்டவணையில் “புதிய பாணி” என்பது வெறும் பேச்சு. ஆட்டத்துக்கு மறுநாள் ஆடியவர்களுக்கு ஓய்வும் லேசான ஓட்டமும். ஆட்டத்துக்கு முதல்நாள் கடுமையாக வேலை வாங்க முடியாது. மிச்சம் இருப்பது ஒன்றோ இரண்டோ பயிற்சி. அதில் செய்யக்கூடியது நாலு காரியம்தான்.

முதலாவது, உருவத்தைத் தொடாமல் ஆளை மாற்றுவது. வருடக்கணக்காக இரண்டு வரிசையாக நாலு பேர், முன்னால் இரண்டு பேர் என்று பழகிய அணியை மூன்று தடுப்பாளர்களுக்கு மாற்றினால் முதல் கோர்னரிலேயே இடைவெளி தெரியும். இரண்டாவது, கோர்னர், ஃப்ரீ கிக் காவல். பழைய பயிற்றுவிப்பாளர் இடம் பிரித்துக் காக்கவைத்திருந்தால் அதையே வைத்திருங்கள், ஆளைப் பிடித்துக் காக்கும் முறைக்குத் திருப்ப ஒரு பயிற்சி போதாது. அருகுக் கம்பத்தில் யார், கோலுக்கு முன்னால் உள்ள ஆறு கெஜக் கோட்டில் எந்த மூவர், வெளியே விழும் பந்துக்கு யார், இத்தனையும் மாற்று வீரர் இறங்கும்போது யாருக்குக் கைமாறும் என்பது வரை எழுதி உடை மாற்றும் அறையில் ஒட்டவேண்டும். அந்தக் கைமாற்றை யாரும் சொல்லிக்கொடுக்காவிட்டால் மாற்று வீரர் இறங்கிய அடுத்த கோர்னரிலேயே கோல் வாங்கலாம். மூன்றாவது, ஒதுக்கப்பட்டிருந்த இரண்டு பேரைத் திரும்ப எடுப்பது. அதனால் மற்றவர்களும் பயிற்சியில் உயிரோடு ஓடுவார்கள். நாலாவது, பெனால்டி வரிசை.

பெனால்டி ஏன் என்று கேட்பவர்களுக்கு: வெஸ்ட் ஹாமுக்கு எதிராக 1-0 முன்னிலையில் இருக்கையில், இடைவேளைக்குச் சற்று முன் பேர்ன்லியின் மக்ஸ்வெல் கோர்னே பெனால்டியை வெளியே அடித்தார். இடைவேளைக்குப் பின் வெஸ்ட் ஹாமின் சூசெக் சமன் செய்தார். அந்த ஆட்டம் வெற்றியாகி, கடைசி நாள் நியூகாஸிலோடு ஒரு சமன் கிடைத்திருந்தால் பேர்ன்லியும் 38. புள்ளி சமமானால் பார்க்கும் கோல் வித்தியாசம் பேர்ன்லிக்கு -19, லீட்ஸுக்கு -37. தப்பியிருக்கும்.

பம்பலப்பிட்டி

லெஸ்டர், 2023. என் பார்வையில் பேர்ன்லியை விட மோசமான நீக்கம் இதுதான், ஆனால் யாரும் அவ்வளவு பேசுவதில்லை.

பிரெண்டன் ரொஜர்ஸ் 2019 பெப்ரவரியில் வந்தவர், 2021இல் எஃப்.ஏ. கிண்ணம் எடுத்துக்கொடுத்தவர். ஏப்ரல் 2ஆம் திகதி ஞாயிறு நீக்கினார்கள், 28 ஆட்டத்தில் 25 புள்ளி. பதிலுக்கு ஆள் தயாராக இல்லை. செவ்வாய் வில்லாவோடும், சனி போர்ண்மத்தோடும் சொந்த மைதானத்தில் ஆட்டம். பழைய உதவியாளர்கள் இருவரை நிறுத்தி இரண்டையும் ஆடினார்கள். 1-2, 0-1. போர்ண்மத் அதே சேற்றில் நின்ற அணி, வாங்கிய கோல் லெஸ்டரின் மடிசன் பின்னால் தட்டிய ஒரு பலவீனமான பாஸில் இருந்து வந்தது. 10ஆம் திகதி டீன் ஸ்மித் வந்தார். எட்டில் 9 புள்ளி. மொத்தம் 34. எவர்ட்டன் 36இல் தப்பியது. கோல் வித்தியாசம் லெஸ்டருக்கு -17, எவர்ட்டனுக்கு -23. அதாவது அந்த அநாதையான ஒரு கிழமையில் இரண்டு சமன் எடுத்திருந்தாலே போதும்.

இன்னொரு இடம்: மே 1, அதே எவர்ட்டனோடு. லெஸ்டர் 2-1 முன்னிலை, இடைவேளைக்குச் சற்று முன் பெனால்டி. மடிசன் நடுவில் அடித்தார், எவர்ட்டன் கோல் காப்பாளர் பிக்ஃபோர்ட் நகராமல் நின்று பிடித்தார். 2-2 முடிவு.

ஆகவே ஒரு கழகத்தின் நிர்வாக சபை இந்த முடிவுக்கு வந்தால் ஒழுங்கு இப்படி இருக்கவேண்டும். முதலில் பதில் ஆள், அவருடைய சம்மதம், அவர் கொண்டுவரும் இரண்டு மூன்று பேரின் பெயர். பிறகு நட்ட ஈட்டுக் கணக்கு; டைச் 2021 செப்டெம்பரில்தான் நாலு வருட ஒப்பந்தம் போட்டிருந்தார், மூன்று வருடத்துக்கு மேல் மிச்சம். அதன்பிறகு வீரர்களுக்குச் சொல்வது, கடைசியாக அறிக்கை. ஆட்டம் முடிந்த இரவே சொன்னால் அடுத்த ஆட்டத்துக்கு ஐந்தாறு நாள் கையில் இருக்கும். டைச்சின் கடைசி ஆட்டம் ஞாயிறு, நீக்கியது வெள்ளி. நடுவில் போன நாலு பயிற்சி நாள்கள் வீண்தானே.

மட்டக்குளி

ஆட்ட அட்டவணையைப் பார்க்காமல் தூக்கியதற்கு நோர்விச் 2014. கிறிஸ் ஹியூட்டன் பழைய மனேஜர் இல்லை, வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, ஆனாலும் பாடம் அதே. ஏப்ரல் 6, மீதி 5 ஆட்டம், இறங்கும் கோட்டுக்கு 5 புள்ளி மேலே நின்றார்கள். அந்த ஐந்து யார் யார் என்றால் ஃபுல்ஹாம், லிவர்பூல், மன்செஸ்டர் யுனைட்டட், செல்சி, ஆர்சனல். வெல்லக்கூடியது முதலாவது மட்டும், அதுவும் புது மனேஜருக்கு ஆறாவது நாள். 1-0 தோல்வி. மொத்தம் ஒரு புள்ளி, செல்சியோடு 0-0. இறங்கினார்கள்.

கொம்பனித்தெரு

எங்கட பக்கத்துக் கழகங்களுக்கும் ஒரு சொல். கொழும்பில் ஒரு கழகத்தைப் பதினைந்து வருடம் பார்த்த கோச்சை லீக் முடிய மூன்று கிழமை இருக்கையில் தூக்குகிறதென்றால், இங்கிலாந்தில் இல்லாத ஒரு தலையிடி இருக்கு. அவரே எல்லாம். வீரர்களின் அடையாள அட்டையும் பதிவுப் படிவமும் அவர் வீட்டு அலுமாரியில். வான் ஓட்டுறவரின் இலக்கம் அவர் போனில். எந்தப் பொடியனுக்கு எந்த ஷிஃப்ட், யார் வேலைத்தளத்தில் யாரிடம் லீவு கேட்கவேணும் என்பது அவர் தலைக்குள்ளே. மைதானம் எடுக்கிற ஆளோடு பழக்கமும் அவருக்குத்தான்.

அதனால் கடிதம் கொடுக்க முதல் இதை எல்லாம் கையில் எடுங்கோ: பதிவுப் படிவங்களின் பிரதி, மஞ்சள் அட்டைக் கணக்கு, காயப்பட்டவர்களின் பட்டியல், இரண்டு செட் ஜேர்சி, பந்துகள், மருந்துப் பெட்டி, களஞ்சியத் திறப்பு. மஞ்சள் அட்டைக் கணக்கு முக்கியம். தடை உள்ள ஒருவரைப் புதியவர் தெரியாமல் இறக்கினால் வென்ற ஆட்டத்தின் புள்ளியும் போகலாம். பிறகு நேரில் போய், இரண்டு மூத்த ஆட்கள், வீட்டில் வைத்துச் சொல்லுங்கோ. வாட்ஸ்அப்பில் சொல்லவே வேண்டாம். அவர் வளர்த்த பொடியன்கள் பாதிப்பேர் அடுத்த நாள் பயிற்சிக்கு வராமல் விடுறதுக்கு அந்த ஒரு மெசேஜ் போதும்.

வெள்ளவத்தை

எல்லாருக்கும் நன்றி. கொட்டாஞ்சேனைத் தம்பி சொன்ன நேரக் கணக்கோடு ஒன்றைச் சேர்க்கிறேன், தூக்காமலே விட்டால் என்ன ஆகும் என்பது.

பேர்ன்லி 2015இல் 33 புள்ளியோடு இறங்கியது. அன்றும் மனேஜர் டைச்தான். வைத்திருந்தார்கள். அடுத்த வருடமே 93 புள்ளியோடு இரண்டாம் பிரிவின் சம்பியன். ஜேர்மனியில் ஃப்ரைபர்க் அதே 2015இல் இறங்கியது, கிறிஸ்டியன் ஸ்ட்ரைக்கை வைத்திருந்தார்கள், 2016இல் முதலிடத்தில் திரும்பி வந்தார்கள். இறங்கும் கழகத்துக்குப் பிரீமியர் லீக் முதல் வருடம், ஒளிபரப்புப் பணத்தில் ஒவ்வொரு கழகத்துக்கும் சமமாகக் கிடைக்கும் பங்கின் 55 சதவீதம் கொடுக்கிறது, இரண்டாம் வருடம் 45. அந்தப் பணம் பெரிதாக வரும் முதல் இரண்டு வருடத்துக்குள் திரும்பிவர யார் பொருத்தம் என்ற கேள்வியையும் ஏப்ரலிலேயே கேட்கவேண்டும். 2022இல் பேர்ன்லி அதற்குப் புது மனேஜராக வின்சென்ட் கொம்பனியைத் தேடிப்பிடித்து 101 புள்ளியோடு திரும்பியது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

2022 ஜனவரியில் பேர்ன்லியின் முன்கள வீரர் கிறிஸ் வூட், ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விலையான 25 மில்லியன் பவுணுக்கு நியூகாஸிலுக்குப் போனார், அதுவும் தரமிறங்காமல் இருக்கப் போராடிய இன்னொரு அணிக்கு. பதிலுக்கு மாத முடிவில் வந்த வெக்ஹோர்ஸ்ட் அந்தப் பருவம் முழுக்கப் போட்டது இரண்டு கோல். வீரர்களை வாங்கி விற்கும் சந்தை மூடியபின் எந்த மனேஜராலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது. தூக்குவதென்றால் ஜனவரி முதல் கிழமையில், சந்தை திறந்திருக்கும்போது தூக்கியிருக்கவேண்டும்.

டைச்சே அதற்குச் சாட்சி. 2023 ஜனவரி 30, எவர்ட்டன் 20 ஆட்டத்தில் 15 புள்ளியோடு நிற்கையில் அவரைக் கூப்பிட்டது. மீதி 18 ஆட்டம். அதில் 21 புள்ளி எடுத்தார், கடைசி நாள் டுகூரே அடித்த ஒற்றைக் கோலில் போர்ண்மத்தை வென்று லெஸ்டரைக் கீழே தள்ளினார். அவருடைய முதல் ஆட்டம், அப்போது முதலிடத்தில் இருந்த ஆர்சனலோடு, 1-0. கோர்னரை அடித்தவர் டுவைட் மக்நீல், தலையால் முட்டிப் போட்டவர் ஜேம்ஸ் டர்கோவ்ஸ்கி. இருவரும் பேர்ன்லியில் அவரிடம் விளையாடியவர்கள்.