ஈஎஸ்ஆர் குறைந்தது சரி, ஜாக்கெட் ஹூக் மாட்ட முடிகிறதா?

ஈரோட்டிலிருந்து:

எனக்கு முடக்கு வாதம். அதற்கு வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகள் ஈஎஸ்ஆர், சிஆர்பி. ஒரு கட்டத்தில் இரண்டுமே நன்றாக இறங்கிவிட்டன. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கோ காலையில் ஜாக்கெட் ஹூக்கை மாட்டி முடிப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். சொன்னதும் டாக்டர் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். வீக்கம் இன்னும் இருக்கிறது என்று மருந்தை மாற்றினார். கூடவே ஒரு கேள்வித்தாளும் கொடுத்தார்.

ஹெச்ஏக்யூ என்பார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் 1980இல் வெளியிட்டது. உடுத்துவது, எழுந்திருப்பது, சாப்பிடுவது, நடப்பது, குளிப்பது, எட்டி எடுப்பது, பிடிமானம், வெளிவேலை என எட்டுப் பிரிவு, 20 கேள்வி. போன ஒரு வாரத்தில் இதெல்லாம் எப்படி இருந்தது என்று கேட்பார்கள். சிரமமே இல்லை என்றால் 0, முடியவே இல்லை என்றால் 3. பிரிவுக்கு ஒரு எண் எடுத்து, கூட்டி, எட்டால் வகுப்பார்கள்.

எனக்கு முதலில் 1.5. சில மாதம் கழித்து 1.25. "கால் பாயின்ட்தானே குறைஞ்சிருக்கு" என்றார் வீட்டுக்காரர். டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஒரு பிரிவில் ஒரு படி இறங்கினால் 0.125தான் குறையும், மொத்தத்தில் 0.22 அளவுக்குக் குறைந்தாலே நோயாளிக்குத் தெரிகிற மாற்றம் என்று எடுத்துக்கொள்வது வழக்கமாம். எனக்கு உடுத்துவதில் ஒரு படி, பிடிமானத்தில் ஒரு படி. அதாவது, ஹூக்கை நானே மாட்டிக்கொள்கிறேன். குளியலறைக் குழாயைத் திருக யாரையும் கூப்பிடுவதில்லை. அந்தக் கால் பாயின்ட் எனக்குப் பெரிய விஷயம்.

மதுரையிலிருந்து:

அக்கா, படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. என் மாமியாருக்கும் இதே நோய்தான். கேள்வி கேட்டால் "எல்லாம் நானேதான் செய்றேன்" என்று 0 போடச் சொல்லிவிடுவார். குக்கர் மூடியைத் திறப்பது நான், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது நாத்தனார். அடுத்தவர் கை தேவைப்பட்டாலோ, கைத்தடி மாதிரி ஏதாவது வேண்டியிருந்தாலோ அந்தப் பிரிவுக்குக் குறைந்தது 2 போட வேண்டும் என்பது விதி. அதனால் கூடப் போகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நடப்பதைச் சொல்வது நல்லது.

அப்புறம், இந்தியாவுக்கென்று மாற்றிய 12 கேள்வித் தாளும் இருக்கிறது, 2002இல் வந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவது, கழிப்பறையில் குந்துவது, சேலை கட்டுவது, ஆட்டோவில் ஏறி இறங்குவது என்று நம் வீட்டு வாழ்க்கையைக் கேட்கிறது. சம்மணக் கேள்வி வந்ததும்தான் மாமியார் மனம் திறந்தார். "பந்தியில கீழ உட்கார்ந்து சாப்பிட்டே ரொம்ப நாளாச்சுப்பா" என்று டாக்டரிடம் சொன்னார். எங்களிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

நாகர்கோவிலிலிருந்து:

நான் பழைய நோயாளி. நோய் எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்று 28 மூட்டுகளைப் பார்த்துப் போடும் மதிப்பெண் டிஏஎஸ்28. எனக்கு அது இப்போது நோய் அடங்கிய நிலையைக் காட்டுகிறது. ஆனால் ஹெச்ஏக்யூ அசையவே இல்லை. ஒரு காரணம், மணிக்கட்டு ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. வீக்கம் வற்றினாலும் தேய்ந்த மூட்டு மருந்தால் பழையபடி ஆகாது. இன்னொன்று யாரும் எனக்குச் சொல்லாதது. டிஏஎஸ்28இல் எண்ணும் அந்த 28 மூட்டுகளும் தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல், முழங்கால். பாதம் கணக்கிலேயே கிடையாது! எனக்கு வலியெல்லாம் கால்விரல் அடியில்தான். வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் இறங்கினால் கூழாங்கல்லை மிதிப்பது போலிருக்கும். பிசியோதெரபிஸ்ட் ஒருவர்தான் பாதத்தைப் பார்த்துவிட்டு மெத்தென்ற ரப்பர் அடியுள்ள எம்சிஆர் செருப்பு போடச் சொன்னார். இப்போது பஸ் ஸ்டாப்புக்கு நடந்தே போகிறேன்.

மதுரைத் தங்கச்சி, அடுத்த தடவை போகும்போது மாமியாரின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.