டஞ்ஞின்தி தின்று மூத்திரம் அடைத்த கதை

ரங்கூனிலிருந்து:
டஞ்ஞின்தி என்பது இங்கே பர்மாவில் சோற்றோடு தின்னும் ஒரு மரத்துக் கொட்டை. என் வீட்டுக்காரிக்கு அதன் நாற்றம் ஆகவே ஆகாது. அதனால் கூட்டாளி வீட்டில்தான் சாப்பிடுவேன். அன்றைக்குப் பச்சையாகவே ஏழெட்டுக் கொட்டை, நாப்பி என்ற புளிக்கவைத்த மீன் விழுதில் தொட்டுச் சோற்றோடு. கொளுத்தும் வெயில், தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. விடியற்காலை 3 மணிக்கு இடது விலாவுக்குக் கீழே உளி வைத்துக் குடைகிற மாதிரி வலி. அப்படியே அடிவயிற்றுக்கு இறங்கியது. மூத்திரம் முட்டுகிறது, போனால் சொட்டுச் சொட்டாக ரத்தம் கலந்து வருகிறது.

ஆஸ்பத்திரியில் கல்லாக இருக்கும் என்றார்கள். ஸ்கேனில் கல் இல்லை, இடது கிட்னி மட்டும் லேசாக வீங்கியிருந்தது. அப்புறம் வந்த பர்மாக்கார டாக்டர், "நேற்று டஞ்ஞின்தி சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். பக்கத்தில் மனைவி. இல்லை என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் மூத்திரப் பாட்டிலின் மூடியைத் திறந்தார். அறை முழுக்க வாசம்! சலைனும் சோடா மருந்தும் ஏற்றினார்கள். இரண்டாம் நாள் மூத்திரம் தாராளமாகப் போனது. மனைவி வாய் திறந்தது நாலாம் நாள்.

பெகுவிலிருந்து:
அண்ணே, நான் லேபில் வேலை பார்த்தவள். இந்தக் கேஸ்களில் மூத்திரத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஊசி ஊசியாகத் தெரியும். கொட்டையில் ஜெங்கோலிக் அமிலம் என்று கந்தகம் சேர்ந்த ஒரு அமினோ அமிலம் இருக்கிறது. ஜாவாவில் இதைத் தின்றவர்களின் மூத்திரத்திலிருந்தே 1933-ல் பிரித்தெடுத்திருக்கிறார்கள். மூத்திரம் புளிப்புத் தன்மையாக இருந்தால் அது கரையாமல் படிகமாகி மூத்திரக் குழாயின் உள்சுவரைக் கீறும், குழாயை அடைக்கும். அந்தப் புளிப்பை முறிக்கத்தான் உங்களுக்குச் சோடா கொடுத்தது.

தட்டோனிலிருந்து:
நாற்பது வருஷமாகத் தின்கிறேன். எனக்கு ஒன்றுமே ஆனதில்லையே?

மோல்மேனிலிருந்து:
என் மச்சானும் சின்ன வயசிலிருந்து தின்றவர்தான் ஐயா. போன வருஷம் இரண்டு பக்கமும் அடைத்து, ஒன்றரை நாள் ஒரு சொட்டு இறங்கவில்லை. முகம், கால் எல்லாம் வீங்கிவிட்டது. சலைனுக்குக் கேட்கவில்லை, கிட்னியிலிருந்து மூத்திரப் பைக்கு இறங்கும் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலை வைத்த பிறகுதான் பிழைத்தார். இத்தனைக்கும் அவர் தின்றது அவித்தது. அவித்தால் விஷம் குறையும், ஒரேயடியாகப் போய்விடாது. யாருக்கு, எந்த நாள் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ரங்கூன் அண்ணே, நீங்கள் விட்டுவிட்டீர்களா?

ரங்கூனிலிருந்து:
எங்கே விட்டேன்! இப்போது அவளே அவித்து, நீரை வடித்துக் கொடுக்கிறாள். இரண்டே கொட்டை. பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். உட்காரும் இடம் மட்டும் வெளித் திண்ணை.