அம்மா சுங்கை சிப்புட்டிலேயே இருக்கட்டுமா, கிள்ளானுக்குக் கூட்டி வரவா?

கிள்ளான்_மகன்:
அம்மாவுக்கு வயது 74. இனிப்புநீர் (நீரிழிவு), ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. தோட்டத்தை மூடியபோது வாங்கிய மலிவு விலை வீட்டில் தனியாக இருக்கிறார். அக்கம்பக்கம் எல்லாம் அதே தோட்டத்து ஆட்கள். என் வீடு பன்னிரண்டாவது மாடி, பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில். கூப்பிட்டால், "அங்க யாருகிட்ட பேசுறது?" என்கிறார். பேச்சுத்துணையா, வைத்தியமா?

பால்மரத்தான்:
கூப்பிடாதே தம்பி. 2010-இல் அமெரிக்க ஆய்வாளர் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்று லட்சம் பேருக்கு மேல். உறவு வலுவாக இருந்தவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதல். புகைப்பதை விடுவதோடு ஒப்பிடக்கூடிய பலன். மாத்திரைக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியாவது கோயில் திண்ணைக்குக் கொடு.

மருந்துக்கடை:
அண்ணே, காரணத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறீர்கள். கால் மரத்துப்போன ஆள் ஆடித் திருவிழாவுக்கு வருவாரா? நோய் வந்ததால்தான் பலர் வீட்டுக்குள் முடங்குகிறார்கள். அப்புறம், கூட்டாளி என்றால் எல்லோரும் நல்லதா செய்கிறார்கள்? சம்சு சாராயம் ஊற்றிக்கொடுத்தவனும் கூட்டாளிதான். மகன் வீட்டில் மாத்திரையாவது நேரத்துக்கு உள்ளே போகும்.

பால்மரத்தான்:
அந்தச் சந்தேகம் பழசு. கலிபோர்னியாவின் அலமீடா வட்டாரத்தில் ஏழாயிரம் பேரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து, 1979-இல் பெர்க்மனும் சைமும் எழுதினார்கள். தொடக்கத்தில் இருந்த உடல்நிலை, புகை, குடி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு குறைந்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். 1997-இல் ஷெல்டன் கோஹன் நல்ல உடல்நிலையில் இருந்த 276 பேரின் மூக்கில் சளிக் கிருமியை விட்டே பார்த்தார். பலவகை உறவு வைத்திருந்தவர்களுக்குச் சளி குறைவாகப் பிடித்தது. இதில் நோய் எங்கே முந்தியது?

மருந்துக்கடை:
அந்த 276 பேரும் 18 முதல் 55 வயதுக்காரர்கள். அலமீடாவில் உடல்நிலையை அவரவரே தாளில் எழுதிக்கொடுத்தது. இதை வைத்து 74 வயது அம்மாவுக்கு முடிவெடுப்பதா?

லயத்து_அக்கா:
இரண்டு பேரும் அமெரிக்காவிலேயே நிற்கிறீர்கள். எங்கள் வரிசையில் ஒரு பாட்டிக்கு உள்ளங்காலில் புண். இனிப்புநீர்க் காலுக்கு வலி தெரியாது. பூக்கட்ட வந்த பக்கத்து வீட்டுக்காரம்மா பார்த்து அதட்டியதால்தான் கிளினிக்குக்குப் போனார். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு அந்த மாடியில் யார் காலைப் பார்ப்பது? ஆனால் தம்பி, அந்தப் பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கும் எழுபதைத் தாண்டியாச்சு. பிள்ளைகள் கோலாலம்பூர், சிங்கப்பூர் போய்விட்டார்கள். அந்தத் துணை இன்னும் எத்தனை வருஷம் நிற்கும்? ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள்: பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் கூப்பிடுகிறீர்களா?

கிள்ளான்_மகன்:
அதுவும் உண்டு அக்கா. பேரன் பேரில் அம்மாவுக்கு உயிர்.

மருந்துக்கடை:
அப்படியானால் பள்ளி விடுமுறையில் கூட்டி வந்து பாருங்கள். அங்கே உள்ள வீட்டை வாடகைக்கு விடாதீர்கள், கிளினிக் பதிவையும் மாற்றாதீர்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சமூக நலத்துறையின் மூத்தோர் நடவடிக்கை மையங்கள் இருக்கின்றன, பாவே என்பார்கள். உங்கள் பக்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பால்மரத்தான்:
இருந்தால் மட்டும் போதாது, தமிழ் பேச ஆள் வருகிறார்களா என்றும் கேள். விடுமுறை யோசனை சரி, ஆனால் ஆடித் திருவிழா வாரத்தில் மட்டும் வேண்டாம். அந்த வாரம் நீ பேரனைக் கூட்டிக்கொண்டு சுங்கை சிப்புட்டுக்கு வா.