இசைக்கலைஞரைச் சந்திக்கக் காசு கொடுக்கலாமா?

கேள்வி:
சிங்கப்பூர் இண்டோர் ஸ்டேடியம் கச்சேரிக்கு ‘மீட் அண்ட் கிரீட்’ (கலைஞரை நேரில் சந்திக்கும் சலுகை) சேர்த்த விஐபி டிக்கெட், சாதாரண டிக்கெட்டைவிட 300 வெள்ளி கூடுதல். வாங்கலாமா அண்ணே?

பதில் 1:
அந்த 300 வெள்ளிக்கு என்ன கிடைக்கும் என்று விதிமுறையைப் படிங்க. தனிப்படமா, குழுப்படமா? கையெழுத்து உண்டா? பெரும்பாலும் சொந்தக் கைப்பேசியில் எடுக்க விடமாட்டார்கள். அவர்களுடைய படக்காரர் எடுத்து, பிறகு இணைப்பு அனுப்புவார். வரிசை நீளம் என்பதால் ஓர் ஆளுக்குச் சில விநாடிதான். சொல்ல வேண்டியதை ஒரே வரியில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பதிவு நேரம் கச்சேரிக்குப் பல மணி முன்பே இருக்கும். தாமதமானால் சந்திப்புக்கு அனுமதிக்கும் கைப்பட்டை கிடைக்காது, பணமும் திரும்பாது.

பதில் 2:
என்னைக் கேட்டால் வேண்டாம் தம்பி. பாட்டுக்குக் காசு கொடுப்பது நியாயம். கைகுலுக்குவதற்கு விலை வைத்தால், காசில்லாத ரசிகர் என்ன செய்வார்? நவம்பரில் எஸ்பிளனேட் கலை அரங்கில் நடக்கும் ‘கலா உத்சவம்’ இந்தியக் கலை விழாவில் இலவச நிகழ்ச்சிகளும் உண்டு. சிறிய அரங்கில், நிகழ்ச்சி முடிந்ததும் பத்து நிமிடம் பொறுமையாக நின்றால் பல கலைஞர்கள் நின்று பேசுவார்கள்.

பதில் 3:
வாங்கினாலும் மறுவிற்பனையில் வாங்காதீர்கள். சந்திப்புச் சலுகை பல நேரம் முதலில் வாங்கியவர் பெயரில்தான் இருக்கும். அடையாள அட்டை ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். மோசடியோ என்று சந்தேகம் வந்தால் பணம் அனுப்புமுன் மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்கு அழையுங்கள். சந்திப்பு மட்டும் ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதை ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். சிறு தொகைத் தகராறுகளை விசாரிக்கும் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போக நேர்ந்தால் அதுதான் ஆதாரம்.