60 தாண்டின எல்ஜிபிடி ஆளுங்களுக்குன்னு நகரத்துல குழு ஏதாவது இருக்கா? எப்படி தேடறது?

மாலைநேரம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 63, கே, ரிட்டயர் ஆகியாச்சு, பெரிய நகரம் ஒண்ணுல தனியா இருக்கேன். ரொம்ப வருஷம் கூடவே இருந்த என் துணை போன வருஷம் தவறிட்டாரு. அக்கம்பக்கத்துக்கு நாங்க வாடகையைப் பகிர்ந்துக்கற ரெண்டு பேச்சிலர்ங்க, அவ்ளோதான். துக்கம் கேக்க வந்தவங்க எல்லாம் அவரோட அண்ணன் வீட்டுக்குப் போனாங்க, அதை நான் தப்பு சொல்ல மாட்டேன், அவங்களுக்குத் தெரியாது. ஆனா அன்னையில இருந்து இன்னைய வரைக்கும் அவரைப் பத்தி உக்காந்து பேசறதுக்கு எனக்கு ஒரு ஆள் கிடையாது.

எல்ஜிபிடி விஷயமா இங்க நிறைய நடக்குது, பாக்கறேன், சந்தோஷமாத்தான் இருக்கு, ஆனா பார்ட்டி, ஆப், ராத்திரி நிகழ்ச்சின்னு எல்லாம் 25, 30 வயசு பசங்களுக்கானது. ஒரு மீட்டிங் போனேன், அங்கிள்னு மரியாதையா கூப்ட்டு நாற்காலி போட்டு உக்கார வெச்சாங்க, அதுக்கப்புறம் யாரும் பக்கத்துல வரல. பசங்க மேல கோவம் இல்ல, அவங்க பேசற விஷயம் வேற.

கேக்கறது என்னன்னா, என் வயசுக்காரங்களுக்குன்னே குழு எங்கயாவது இருக்கா, அங்க என்னதான் பண்ணுவாங்க, வெளிய யார்கிட்டயும் சொல்லாத என்னை மாதிரி ஆளு போகலாமா, இல்லவே இல்லன்னா நாலு பேர் சேர்ந்து ஆரம்பிக்க முடியுமா. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழையபேனா எழுதியது:

தம்பி, எனக்கு எழுபது தாண்டிடுச்சு, அதனால இப்படிக் கூப்பிடலாம்னு நினைக்கறேன். முதல்ல உங்க துணைக்கு என் அஞ்சலி. நீங்க இழந்தது வாழ்க்கைத்துணையை, ஊருக்கு அது தெரியாததால உங்க துக்கத்துக்கு ஒரு சாவு வீடு கூட இல்லாம போச்சு, அதான் இப்படிப் போட்டு அழுத்துது. இங்க எழுதினீங்களே, அதுவே பெரிய விஷயம்.

குழு இருக்கான்னா, இருக்கு. நியூயார்க்ல 1978லயே சேஜ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, வயசான கே, லெஸ்பியன் ஆளுங்களுக்குன்னே. அவங்க ஆரம்ப காலத்துலயே எடுத்துக்கிட்ட வேலை என்ன தெரியுமா, வீட்டை விட்டு வெளிய வர முடியாத பெரியவங்களை வாலண்டியருங்க தேடிப் போய் பாத்து, கொஞ்ச நேரம் பேசிட்டு வர்றது. கட்டடம், நிகழ்ச்சியெல்லாம் பின்னாடி வந்தது. முழுநேர சென்டர் 2012லதான் வந்துச்சு, 2019 கடைசில புரூக்ளின்ல 145 வீடு இருக்கற ஸ்டோன்வால் ஹவுஸும் திறந்தாங்க. பெர்லின்ல 2012லயும் ஸ்டாக்ஹோம்ல 2013லயும் லண்டன்ல 2021லயும் இப்படி சேர்ந்து வாழற குடியிருப்பு வந்துடுச்சு. இந்தியாவுல மும்பைல சீனேஜர்ஸ்னு வயசான கே ஆண்களுக்கு ஒரு குழு இருக்கு. அதனால நீங்க கேக்கறது புதுசா, விநோதமா ஒண்ணும் இல்ல, கேக்க வேண்டியதைத்தான் கேக்கறீங்க.

தேடறதுக்கு வழி சொல்றேன். நேரா சீனியர் குழுன்னு தேடினா பல ஊர்ல ஒண்ணும் வராது. பொதுவா இருக்கற எல்ஜிபிடி அமைப்புக்கு போன் பண்ணியோ மெயில் பண்ணியோ, 50க்கு மேல இருக்கவங்க தனியா கூடறாங்களான்னு கேளுங்க. நிறைய இடத்துல மெயின் குழுவுக்குள்ளயே ஒரு ஓரமா பத்து பேர் கூடுவாங்க, அதுக்கு விளம்பரமே இருக்காது. ஹெச்ஐவி விஷயமா வேலை செய்யற தொண்டு நிறுவனங்கள்லயும் விசாரிங்க, நோய் இருக்கணும்னு இல்ல. 1981க்கு அப்புறம் கூட இருந்த நண்பர்களை எய்ட்ஸ்ல வரிசையா பறிகொடுத்த தலைமுறை, 1996ல கூட்டு மருந்து வந்ததால பிழைச்சு இப்ப வயசானவங்க, இவங்களுக்கு அங்கதான் பல வருஷப் பழக்கம், நம்ம வயசு ஆளு யார் எங்க கூடறாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

என்ன பண்ணுவாங்கன்னா, பெருசா ஒண்ணும் இல்ல. நான் போற குழுல பகல் நேரத்துல கூடுவோம், அது ரொம்ப முக்கியம், ஏன்னா ராத்திரி கண்ணு சரியா தெரியாது, கடைசி பஸ் பயம் வேற. ஒருத்தர் பேப்பர்ல படிச்சதை சொல்வாரு, ஒருத்தர் முட்டி ஆபரேஷன் கதை, நடுவுல யாராச்சும் முப்பது வருஷம் முன்னாடி காதலிச்ச ஆளைப் பத்தி சாதாரணமா பேசுவாங்க. அந்த சாதாரணம் வேற எங்கயும் கிடைக்காது தம்பி. விளக்கம் கொடுக்க வேண்டாம், வார்த்தையை மாத்த வேண்டாம், 'ஃப்ரெண்ட்'னு சொல்லி முழுங்க வேண்டாம்.

வெளிய சொல்லாதவங்க வரலாமான்னு கேட்டீங்க. எங்க குழுல பாதிப் பேர் வெளிய சொன்னதே இல்ல. நம்ம தலைமுறை பயந்ததுக்குக் காரணம் இருக்கு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பால் ஈர்ப்பை நோய் பட்டியல்ல இருந்து எடுத்தது 1973ல, உலக சுகாதார நிறுவனம் எடுத்தது 1990 மே 17. இந்தியாவுல தன்பால் உறவைக் குற்றம்னு சொன்ன 377ம் சட்டப்பிரிவு விழுந்ததே 2018 செப்டம்பர் 6. நம்ம இளமை முழுக்க நோயாளி, குற்றவாளிங்கற பேரோட போச்சு, ஒரு தீர்ப்பு வந்த மறுநாளே அந்த பயம் உடம்பை விட்டுப் போயிடுமா? நல்ல குழுன்னா இதைப் புரிஞ்சுக்கும், வேற பேர் சொன்னாலும் கேள்வி கேக்காது, போட்டோ எடுக்காது.

தோழி57 எழுதியது:

அண்ணா, உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். என் மனசுல இருக்கறதையே எழுதியிருக்கீங்க.

பழையபேனா ஐயா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன், ஏன்னா இங்க பெண்களும் படிக்கறாங்க. பெரியவங்க குழுன்னு போனா பெரும்பாலும் ஆண்கள் கூட்டமாத்தான் இருக்கும். அவங்க கெட்டவங்க இல்ல, ஆனா என் வயசு லெஸ்பியன் பொண்ணுங்க பல பேரோட கதை வேற மாதிரி. கல்யாணம் ஆகி பிள்ளை பெத்து, பேரன் பேத்தி கூட எடுத்துட்டு, அதுக்கப்புறம் தான் யாருன்னு வாய் திறந்து சொன்னவங்க, இல்ல இன்னும் சொல்லாதவங்க. புருஷன் வீட்லயே இருக்காரு, வெளிய போறதுன்னா எங்க போற, எப்ப வருவேன்னு கேள்வி. இவங்களுக்கு சாயங்கால மீட்டிங் சரிப்படாது, அஞ்சாறு பெண்கள் மட்டும் காலைல பார்க்ல நடக்கற மாதிரி இருந்தா வருவாங்க, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. எங்க குழு அப்படித்தான் ஓடுது. நடக்க முடியாதவங்க பெஞ்சுல உக்காந்திருப்பாங்க, நாங்க சுத்தி வந்து சேந்துக்குவோம், வீட்ல கேட்டா வாக்கிங் போனேன்னு சொல்றதுல பொய்யும் இல்ல.

இன்னொண்ணு, துணையை இழந்தவங்க தனியா பேச நேரம் ஒதுக்கற குழுவா பாருங்க. பொது துக்க ஆலோசனைக் கூட்டத்துக்குப் போனா மத்தவங்க என் வீட்டுக்காரர், என் மனைவின்னு பேசும்போது நாம என்ன சொல்றதுன்னு நெஞ்சு அடைக்கும். அங்க போகாதீங்கன்னு சொல்லல, ஆனா நம்ம ஆளுங்க நாலு பேர் முன்னாடி முதல்ல ஒரு தடவை வாய் விட்டு அழுதுட்டு போங்க.

செந்தூரம் எழுதியது:

நான் திருநங்கை, வயசு 58. டிரான்ஸ் ஆளுங்க பத்தி யாரும் சொல்லலையேன்னு எழுதறேன்.

எல்ஜிபிடின்னு போர்டு இருக்கும், உள்ள போனா டி மட்டும் காணாம போயிருக்கும். புதுசா குழு ஆரம்பிக்கறவங்க இதை முதல் நாளே யோசிக்கணும். வாசல்லயே பழைய பேரைக் கேக்கறது, அடையாள அட்டை கேக்கறது, ஆபரேஷன் பண்ணியாச்சான்னு கேக்கறது, இதெல்லாம் இருந்தா நான் ரெண்டாவது தடவை வர மாட்டேன்.

எங்க வயசுல பெரிய பயம் தனிமை மட்டும் இல்ல. நாளைக்கு படுத்துட்டா என்னைக் குளிப்பாட்டறது யாரு, துணி மாத்தறது யாரு. அடுத்தவங்க கை பட்டாத்தான் வாழ்க்கைங்கற நிலைமை வந்துட்டா உடம்பை மறைக்கவே முடியாது, அப்ப அவங்க முகம் சுளிச்சா நாம எங்க போறது? இதனாலதான் பல பேர் முதியோர் இல்லம் போனதும் முடியை வெட்டிக்கிட்டு, புடவையை மடிச்சு வெச்சுட்டு, திரும்ப பழைய ஆளா ஒடுங்கிடறாங்க. கே, லெஸ்பியன் ஆளுங்களும் அதேதான், போட்டோவை பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிடறாங்க. வாழ்நாள் பூரா சண்டை போட்டு எடுத்ததை 75 வயசுல திருப்பிக் குடுக்கறது கொடுமைங்க.

அதனால குழு ஒண்ணு இருந்தா டீ குடிச்சுட்டு கலையாம, ஊர்ல இருக்கற முதியோர் இல்லங்களுக்கும் ஹோம் நர்ஸ் அனுப்பற இடங்களுக்கும் ரெண்டு ரெண்டு பேரா நேர்ல போய் பேசிட்டு வரணும்னு நான் கேட்டுக்கறேன். ரூம்ல ரெண்டு பேர் ஜோடியா தங்கலாமா, டிரான்ஸ் பெண்ணை எந்தப் பக்கம் வெப்பீங்க, ஹார்மோன் மாத்திரை தொடர்ந்து குடுப்பீங்களான்னு நேரா கேளுங்க. ஒருத்தர் தனக்காகக் கேட்டா கூசும், குழுவாக் கேட்டா கூசாது. எந்த இடம் நல்லபடியா பதில் சொல்லுச்சுன்னு எழுதி வெச்சாலே போதும், அந்த லிஸ்ட் நமக்கு தங்கம்.

கிணத்தடி எழுதியது:

வயசு 34, பெரியவங்க குழு ஒண்ணுல வாலண்டியரா இருக்கேன். மாலைநேரம் சார் ஆரம்பிக்கலாமான்னு கேட்டிருந்தாரு, அதுக்கு மட்டும் பதில்.

ஆரம்பிக்கலாம் சார், மூணு பேர் போதும். நாள் மட்டும் மாத்தாதீங்க, மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமைன்னா எப்பவும் அதேதான், ஒருத்தர்தான் வந்தாலும் நடக்கணும், ஏன்னா ஒரு பெரியவர் ஆறு மாசம் தைரியம் சேத்துட்டு வந்து கதவு பூட்டியிருந்தா அப்புறம் வரவே மாட்டாரு. இடம் பாக்கும்போது படிக்கட்டு இருக்கா, டாய்லெட் கிட்டக்க இருக்கா, சத்தம் இருக்கான்னு பாருங்க. காது மிஷின் போட்டவங்களுக்கு இரைச்சலான ஹோட்டல்ல ஒண்ணுமே கேக்காது, சும்மா சிரிச்சுட்டு உக்காந்திருந்துட்டு போயிடுவாங்க. நூலகத்து சின்ன ஹால் மாதிரி இடம் நல்லது.

வாட்ஸ்ஆப் குரூப் வேணாம்னு நான் சொல்வேன், அதுல எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும், பேரன் போனை எடுத்துப் பாப்பான். ரெண்டு பேர்கிட்ட நம்பர் இருந்தா போதும், அவங்களே கூப்ட்டு பேசட்டும். அந்த போன் பேச்சே பாதி சிகிச்சை சார்.

அப்புறம், எல்லாத்தையும் ஒருத்தர் தலையில கட்டாதீங்க. மணிலால கோல்டன் கேஸ்னு வயசான கே ஆளுங்களுக்கு ஒரு வீடு இருந்துச்சு, 1970கள்ல ஜஸ்டோ ஜஸ்டோங்கறவர் ஆரம்பிச்சது. 2012ல அவர் இறந்ததும் அங்க இருந்த பெரியவங்க வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாப் போச்சு. அவங்க மனசு விடல, சிதறிப் போனாலும் சேந்து மேடை ஷோ பண்ணி ஒருத்தரை ஒருத்தர் தாங்கிக்கிட்டாங்க, அதை நினைச்சா எனக்கு கண்ணு கலங்கும். ஆனா வீடு ஒரு மனுஷனை நம்பி மட்டும் இருந்திருக்கக் கூடாது. சாவி ரெண்டு பேர்கிட்ட, பணம் ரெண்டு பேர் கணக்குல.

மாலைநேரம் எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. செந்தூரம் அம்மா எழுதினதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். இன்னொரு கேள்வி. எனக்கு ஏதாவது ஆயிட்டா ஆஸ்பத்திரில கையெழுத்து போட யாரும் இல்ல. என் அண்ணன் பையன் இருக்கான், பேசியே பல வருஷம் ஆச்சு. நண்பர் ஒருத்தரை வெச்சுக்க முடியுமா?

பழையபேனா எழுதியது:

முடியும், ஆனா எழுதி வெச்சாத்தான். அமெரிக்காவுல எடித் வின்ட்சர்னு ஒரு அம்மா, நாப்பது வருஷத்துக்கு மேல கூட வாழ்ந்த தியா ஸ்பையர் 2009ல இறந்தப்ப, கல்யாணமே பண்ணியிருந்தும் மத்திய அரசு அதை ஒத்துக்காம 3,63,000 டாலருக்கு மேல வாரிசு வரி போட்டுது. அவங்க கேஸ் போட்டு 2013ல ஜெயிச்சாங்க, அப்ப வயசு 84. எல்லாரும் கோர்ட்டுக்கு அலைய முடியாது, நாம முன்னாடியே பேப்பர் போட்டு வெச்சுக்கணும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். நீங்க இந்தியாவுல இருந்தா, பிழைக்க வழியில்லாத நிலைமைல சிகிச்சை பத்தி, நமக்காக முடிவு சொல்றவர் பேரோட முன்கூட்டியே எழுதி வெக்கறதை சுப்ரீம் கோர்ட் 2018 மார்ச்ல ஒத்துக்கிச்சு, 2023 ஜனவரில நடைமுறையை எளிமையாக்குச்சு. ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்து போட்டு நோட்டரி கிட்டயோ கெசட்டட் ஆபீசர் கிட்டயோ அத்தாட்சி வாங்கணும். 2024 ஆகஸ்ட்ல நிதி அமைச்சகமும் தெளிவா சொல்லிடுச்சு, எல்ஜிபிடி ஆளுங்க ஜாயின்ட் அக்கவுன்ட் திறக்கவும் துணையை நாமினியாப் போடவும் தடை இல்லைன்னு. மெட்ராஸ் ஹைகோர்ட் 2025 மே மாசம் நாமே தேர்ந்தெடுக்கற குடும்பத்தையும் குடும்பம்னு சொல்லியிருக்கு. உயில் தனியா எழுதுங்க, நாமினி வேற, உயில் வேற. வேற நாடுன்னா அங்க இருக்கற எல்ஜிபிடி அமைப்புல வக்கீல் பேர் கேளுங்க, பொதுவா தெரிஞ்சவங்க ஒருத்தர் இருப்பாங்க.

நண்பர்கிட்ட முதல்ல வாய் விட்டு கேளுங்க, அவர் சம்மதிச்சதும் ஒரு காப்பி அவர்கிட்ட, ஒரு காப்பி உங்க டாக்டர் ஃபைல்ல. அப்புறம் எந்த நகரம்னு எனக்குத் தனியா மெசேஜ் போடுங்க தம்பி, அந்தப் பக்கம் எனக்கு ஆளு தெரிஞ்சா கேட்டு சொல்றேன். உங்க துணை பேரையும் எழுதுங்க, அவரைப் பத்தி கேக்கணும்னு இருக்கு.